கட்டம் கட்டிய பக்கமும் காணாமல் போன இரண்டு வரியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கெதுக்கு என்று தள்ளிவிட வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர் என்று ஏதாவது ஒன்றை அச்சடிக்காத வீடு நம்மில் கிடையாது. அச்சுக்குப் போகும் முன்னால், "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அதில் எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரியும். "இந்தக் கட்டத்தை எடுத்துடுங்க" என்று உடனே பதில் போடுவோம். அந்தக் கட்டம் என்ன, எப்படி மறைப்பது, எந்த நேரத்தில் மறைக்கக் கூடாது என்பதுதான் இன்றைய பாடம். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் 'பாடம்' என்ற சொல் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

முதலில் ஒரு பழைய கதை. 1980-களில் பள்ளி ஆண்டு மலருக்குப் புரூஃப் பார்க்க நான் தென்காசியில் ஓர் அச்சகத்துக்குப் போவதுண்டு. அப்போதெல்லாம் ஈய எழுத்து, டிரெடில் மெஷின். கம்பாசிட்டர் ஒவ்வோர் எழுத்தாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி, தலைகீழாகக் கோத்துக்கொண்டே போவார். பக்கம் முடிந்ததும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுக்குவார்கள். எழுத்தைச் சுற்றியும் வரிகளுக்கு இடையிலும் ஈயப் பட்டைகளும் மரக்கட்டைகளும் இருக்கும். அவை இல்லாவிட்டால் பக்கமே பொலபொலவென்று கொட்டிவிடும்.

ஆனால் அச்சான தாளில் அந்தப் பட்டையோ கட்டையோ ஒன்றும் தெரியாது. காரணம் எளிமையானது. எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். பட்டையும் கட்டையும் அதைவிடக் குள்ளம். மை உருளை மேலாக உருண்டு போகும்போது உயர்ந்து நிற்கிற எழுத்தில் மட்டும் மை ஒட்டும், குள்ளமானவற்றைத் தொடாது. பக்கத்தைத் தாங்குவது ஒன்று, பக்கத்தில் தெரிவது இன்னொன்று. அச்சுத் தொழிலின் ஆதி ரகசியம் இதுதான். நம் மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் தாண்டினால் வரும் கொல்லத்தில் 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' அச்சான காலத்திலும் இதே கதைதான். 16 பக்கம் கொண்ட சின்னப் புத்தகம். தமிழில் தமிழ் எழுத்திலேயே அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் அதுதான் மூத்தது. அந்தப் பக்கங்களிலும் எழுத்தைத் தாங்கிய துண்டுகள் உண்டு. தாளில் அவை இல்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கட்டைகள் திரைக்குள் போய்விட்டன. 1985-ல் ஆல்டஸ் என்ற நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்காக 'பேஜ்மேக்கர்' கொண்டுவந்தது. 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பால் பிரெய்னர்ட். நம் ஊர்களில் 'டிடிபி சென்டர்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த டிடிபி இதுதான். 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-ல் அடோபியின் 'இன்டிசைன்' வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்குப் பிறகும் பல வருஷம் நம் பக்கத்து டிடிபி கடைகளில் பேஜ்மேக்கர்தான் ஓடியது.

பேஜ்மேக்கரில் எழுத்துப் பத்தியைச் சொடுக்கினால்தான் மேலும் கீழும் கோடு தெரியும். வேறு இடத்தில் சொடுக்கினால் போய்விடும். இன்டிசைனில் அப்படி இல்லை. அதில் எழுத்தானாலும் படமானாலும் ஒரு சட்டத்துக்குள்தான் இருக்கும். அதற்கு 'ஃபிரேம்' என்று பெயர். தொடாவிட்டாலும் அந்தச் சட்டத்தின் ஓரம் வெளிர் நீலக் கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இது போதாதென்று பக்க ஓரத்தைக் காட்டும் கோடு இளஞ்சிவப்பில் ஒன்று, நாம் இழுத்து வைக்கும் வழிகாட்டிக் கோடுகள் வேறு. புதிதாகப் பார்ப்பவருக்குப் பக்கம் முழுக்கக் கட்டத்துக்குள் கட்டமாகத் தோன்றும்.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது ஓய்வுக்குப் பிறகுதான். கற்றுக்கொடுத்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். தென்காசியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அவர் சொன்ன முதல் பாடம்: "சார், ஸ்கிரீன்ல தெரியறது எல்லாம் பேப்பர்ல வராது. பேப்பர்ல வர்றது எல்லாம் ஸ்கிரீன்ல தெரியணும்னும் இல்லை." இதில் இரண்டாவது வாக்கியம் அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அதற்குக் கீழே வருகிறேன்.

மறைக்கும் வழி இதுதான். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டிசைனில் வியூ மெனுவுக்குள் எக்ஸ்ட்ராஸ், அதற்குள் 'ஹைட் ஃபிரேம் எட்ஜஸ்'. விண்டோஸில் குறுக்குவழி கன்ட்ரோல் + எச். மேக் கணினியில் கன்ட்ரோல், கமாண்ட், எச் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அங்கே வெறும் கமாண்ட் + எச் அழுத்தினால் மென்பொருளே மறைந்துபோய்விடும், பயந்துவிடாதீர்கள். இது சட்டத்தின் ஓரத்தை மட்டும்தான் மறைக்கும். பக்க ஓரக் கோடும் வழிகாட்டிக் கோடும் போக வேண்டுமென்றால் கன்ட்ரோலுடன் அரைப்புள்ளி விசை.

எல்லாவற்றையும் ஒரே அடியாக மறைக்க வேண்டுமா? டபிள்யூ என்ற ஒற்றை விசை போதும். பக்கம் அச்சில் எப்படி வருமோ அப்படித் தெரியும். இன்னொரு தடவை அழுத்தினால் கோடுகள் திரும்பிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கர்சர் எழுத்துக்குள் நின்றுகொண்டிருக்கும்போது டபிள்யூவை அழுத்தினால் அது கட்டளையாகாது, எழுத்தாகவே விழும். தமிழ்99 விசைப்பலகையில் அந்த இடத்தில் இருப்பது 'ஈ'. 'தலைமையில்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்திருக்கிற பத்திரிகையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் எஸ்கேப் விசையைத் தட்டி எழுத்திலிருந்து வெளியே வாருங்கள். அப்புறம் டபிள்யூ.

காசில்லாமல் கிடைக்கும் ஸ்கிரைபஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, திரையின் அடியில் கண் படம் போட்ட பொத்தான் இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வியூ மெனுவில் 'டெக்ஸ்ட் பவுண்டரிஸ்' என்பதை எடுத்துவிட்டால் போதும்.

வேர்டு மட்டும் தனி ஜாதி. வேர்டில் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' போட்டால் சுற்றிக் கறுப்புக் கோடு வரும். அது நிஜக் கோடு. மறைத்து வைக்கிற சமாசாரமே இல்லை, அப்படியே அச்சாகிவிடும். அதற்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து 'ஷேப் அவுட்லைன்' என்பதில் 'நோ அவுட்லைன்' கொடுக்க வேண்டும். வேர்டில் பழகியவர்கள் இன்டிசைன் படத்தைப் பார்த்ததும் பதறுவதற்குக் காரணம் இதுதான். அங்கே கோடு தெரிந்தால் அச்சாகும். இங்கே கோடு தெரிந்தாலும் அச்சாகாது.

இன்டிசைனிலும் நிஜக் கோடு உண்டு. அதற்கு 'ஸ்ட்ரோக்' என்று பெயர். எது நிஜம், எது சும்மா என்று கண்டுபிடிக்க டபிள்யூவை அழுத்திப் பாருங்கள். போய்விட்டால் அது சும்மா. நின்றால் அது நிஜம், தாளில் வரும். கோடு பிடிக்கவில்லை என்று சட்டத்தைச் சொடுக்கி டெலிட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கோட்டோடு உள்ளே இருக்கிற எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் என் அக்கா.

அத்தானுக்கு 80 நிறைந்து சதாபிஷேகம் வைத்தோம். வந்தவர்களில் பலருக்குத் தெரியும். அதற்காக 48 பக்கத்தில் ஒரு சின்ன மலர் போடலாம் என்று மருமக்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தார்கள். பழைய போட்டோக்கள், பேரன் பேத்திகள் எழுதியது, ஊர்க்காரர்கள் வாழ்த்து. அக்காவையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். "எனக்கு என்ன எழுதத் தெரியும்" என்று இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு, ஒரு நாள் நாலாக மடித்த கோடுபோட்ட தாளைக் கையில் கொடுத்தாள். "பிழை இருந்தா திருத்திக்கோ தம்பி. ஆனா எதையும் குறைக்காதே" என்றாள்.

பக்கங்கள் தயாரானதும் திரையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார் என் மாணவர். அக்காவுக்குப் போனில் பார்க்கக் கண் தெரியாது. உறவுக்காரப் பையன் ஒருவன் அதைக் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறான். வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் அந்தப் பிரின்டில் கறுப்பாகிவிட்டன.

அன்று சாயங்காலம் நான் போனபோது அக்கா அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். "என்னடா தம்பி, இருக்கும்போதே கட்டம் கட்டிட்டீங்களே. நல்ல காரியத்துக்குப் போடுற புத்தகம்தானே இது?" என்றாள். அத்தான் படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். அவள் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது? அவள் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். கறுப்புக் கோடு கட்டி ஒரு கடுதாசி வந்தால் படித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. பேப்பரில் காலமானார் அறிவிப்பு வருவதும் கறுப்புக் கட்டத்துக்குள்தான். கட்சிப் பத்திரிகையில் ஒருவரை நீக்கிய செய்தியைக் கட்டத்துக்குள் போட்டுப் போட்டு, 'கட்டம் கட்டிட்டாங்க' என்றாலே ஆள் அவுட் என்று அர்த்தமாகிப்போனது. நம் சமூகத்துக்கு அச்சில் வரும் கட்டம் ஒரு மொழி. அக்கா அந்த மொழியைச் சரியாகத்தான் படித்தாள். அவள் கையில் கொடுத்த தாள் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

கோடு அச்சில் வராது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "பிரின்ட் எடுத்ததிலேயே வந்திருக்கே" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? மறுநாள் அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தென்காசிக் கடைக்கே போய்விட்டேன். "இப்பப் பாருங்கம்மா" என்று என் மாணவர் டபிள்யூவைத் தட்டினார். கோடுகள் அத்தனையும் போயின. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முன்னோர் பக்கத்தில் எங்கள் அப்பா அம்மா படத்தைச் சுற்றி மெல்லிய கோடு மட்டும் நின்றது. அது நாங்களாகவே போட்டது, நிஜக் கோடு. "அது இருக்கட்டும்" என்றாள். அவளுக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது.

கிளம்பலாம் என்று எழுந்தோம். அப்போது மாணவர், "ஒரு நிமிஷம் சார்" என்று மறுபடி டபிள்யூவைத் தட்டிக் கோடுகளைத் திரும்பக் கொண்டுவந்தார். அக்கா எழுதிய பக்கத்தின் சட்டத்தில் வலதுபக்கம் அடியில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி. "அம்மா எழுதினதுல இன்னும் உள்ளே மிச்சம் இருக்கு சார்" என்றார்.

இதற்கு 'ஓவர்செட்' என்று பெயர். சட்டத்தின் கொள்ளளவைவிட எழுத்து அதிகமானால், மிஞ்சிய வரிகள் சட்டத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அழிந்துபோகாது, ஆனால் தாளில் வராது. பக்கத்துக்கு வேறு எழுத்துரு மாற்றியிருந்தார்கள். புது எழுத்துரு கொஞ்சம் அகலம். வரிகள் நீண்டு, கடைசி இரண்டு வரி வெளியே தள்ளப்பட்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பார்வைக்குப் பக்கம் முழுமையாகத்தான் இருந்தது. அக்கா எழுதியிருந்தது இப்படி: கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை, நம் ஊர் பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் படிப் பாயசம் போடுவதாக நேர்ந்துகொண்டார்கள், ஆற்றுப் படியில் பாயசத்தை ஊற்றி ஊர்ப் பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள், மகன் பிறந்தான். அந்த இடத்தில் முற்றுப்புள்ளி. யார் படித்தாலும் முடிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். குழுவில் இருந்த இருபது பேரும் அப்படித்தான் 'அருமை' போட்டிருந்தார்கள்.

மாணவர் கன்ட்ரோல் + ஒய் அழுத்தினார். எழுத்து மட்டும் தனி ஜன்னலில் வரும் 'ஸ்டோரி எடிட்டர்' திறந்தது. ஒளிந்திருந்த வரிகள் அதில் தெரிந்தன:

"அந்தப் பதினோரு வருசமும் ஊரெல்லாம் என்னைப் பேசிச்சு. இவுக ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை."

கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான் முதலில் பேசினாள். "அதைச் சொல்லத்தானே மத்ததை எல்லாம் எழுதினேன்" என்றாள்.

நான் அவளுக்குத் தம்பி. இத்தனை வருஷத்தில் அந்தப் பதினோரு வருஷத்தைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறந்ததில்லை. அத்தானிடமும் இதை நேரில் சொல்லியிருக்கமாட்டாள். நம் வீடுகளில் அந்தத் தலைமுறை அப்படித்தான். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, கடைசியில் வைத்து, குறைக்காதே என்று கொடுத்தாள். அது ஒரு சட்டத்தின் அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

இப்போது என் மாணவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்துக்கு வாருங்கள். சட்டக் கோட்டை மறைத்துவிட்டால் அந்தச் சிவப்புக் குறியும் சேர்ந்து மறைந்துவிடும். டபிள்யூ தட்டிய பக்கம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வரி விட்டுப்போனது தெரியாது. கோடுகள் தெரிந்ததால்தான் அந்த இரண்டு வரி கிடைத்தது. அக்காவைப் பயமுறுத்திய அதே கட்டம்தான் அவள் வார்த்தையைப் பிடித்து வைத்துக் கொடுத்தது.

பக்கத்தில் இருந்த போட்டோவைக் கொஞ்சம் சுருக்கி, சட்டத்தைக் கீழே இழுத்துவிட்டார் மாணவர். சிவப்புக் குறி போனது, வரிகள் வந்து உட்கார்ந்தன. விழாவன்று அத்தான் மலரை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். படித்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடும்வரை அதை யாரிடமும் கொடுக்கவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு இப்போது பெற்றோர் மணிவிழா, சதாபிஷேகம், நினைவு நாள் என்று வரிசையாக வரும் வயது. ஆகவே வாத்தியார் முறையில் சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. புரூஃப் கேட்கும்போது பிடிஎஃப் கேளுங்கள். திரையைப் படம் பிடித்த போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிடிஎஃப்பில் சட்டக் கோடு வராது. வழிகாட்டிக் கோடுகள் வந்திருந்தால், ஏற்றுமதி செய்யும்போது 'விசிபிள் கைட்ஸ் அண்ட் கிரிட்ஸ்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும்; அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டு. பெரியவர்களுக்குக் காட்டுவதென்றால் கோடு மறைத்த பக்கத்தைக் காட்டுங்கள். அவர்களுக்குக் கட்டம் வேறு சேதி சொல்லும்.

மூன்று. நீங்கள் சரிபார்ப்பதென்றால் கோடு தெரிகிற பக்கத்தைப் பாருங்கள். சிவப்புக் கூட்டல் குறி எங்காவது இருக்கிறதா என்று ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் தேடுங்கள். இன்டிசைன் ஜன்னலின் கீழே இடதுபக்கம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பச்சையாக இருந்தால் நல்லது. சிவப்பாக இருந்தால் எழுத்து மிஞ்சியிருக்கலாம், எழுத்துரு இல்லாமல் இருக்கலாம், படம் தொலைந்திருக்கலாம். சிவப்பை வைத்துக்கொண்டு அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

நான்கு. இதுதான் முக்கியம். கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி வரியை ஒப்பிடுங்கள். மெஷின் எத்தனை குறி காட்டினாலும் சரி, எழுதியவர் எங்கே முடித்தார் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வார்கள். வாசல்வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். தெரியாதா உங்களுக்கு?

டிடிபி தொழிலில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் உங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அந்தக் கூலியில் கடைசி நிமிஷத்தில் இன்னொரு தடவை கோட்டைத் திருப்பிப் பார்க்கிற வேலை சேராது. ஆனாலும் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். எங்கள் குடும்பம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மீதியை என் மாணவரிடம் கேட்டுச் சொல்கிறேன். மழை விட்டுவிட்டது, குற்றாலச் சாரல் மட்டும் இங்கே வரைக்கும் வந்துகொண்டிருக்கிறது. லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு ஓர் எட்டு வந்துவிட்டுப் போங்கள். மலர் இன்னும் பத்துப் பிரதி இருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.